பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை வாடை

கேள்வி: திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் பரம்பரை வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான். மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் பெங்களூரு போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தோம். பூட்டைத் திறந்து ரேழியில் கால் வைத்ததுமே சாக்கடை வாடை. கூடத்தில் இன்னும் அதிகம். வீடு முழுக்கப் பினாயில் போட்டுக் கழுவினோம், குளியலறையில் ஆசிட் ஊற்றினோம். இரண்டு நாள் தேவலை என்று இருந்தது, மறுபடியும் வந்துவிட்டது. ராத்திரியில் கூடுதல், மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். மாடியில் ஃப்ளஷ் பண்ணினால் கீழே குளியலறை ஜாலியில் களக் களக் என்று சத்தம் வருகிறது. வாட்டர் அத்தாரிட்டியின் தெரு டிரைனேஜில்தான் எங்கள் இணைப்பு. மழைத்தண்ணீர் எங்காவது இறங்கித் தேங்குகிறதோ என்றால் அதற்கும் வழியில்லை. ஒழுகுகிறது என்று போன வருஷமே மொட்டை மாடி முழுக்க ட்ரஸ் அடித்து ஷீட் போட்டாச்சு, முற்றத்துக்கு மேலேயும் கண்ணாடி ஷீட் போட்டு மூடியாச்சு. வந்து பார்த்த பிளம்பர், தரையடியில் குழாய் விண்டிருக்கும், கூடத்தை உடைத்துப் பார்க்கணும் என்கிறார். அது என் மாமனார் காலத்துச் சிவப்பு ஆக்ஸைடு தரை. உடைக்க மனசு வரவில்லை. தினமும் பூஜை நடக்கிற வீடு, இந்த நாற்றத்தில் எப்படி உட்காருவது? என்ன செய்யலாம்?
— வாசகி, வலியசாலை

பதில்: கூடத்தை உடைக்க வேண்டாம் அம்மா. உடைப்பது கடைசி வேலை, உங்கள் வீட்டில் அது தேவைப்படவே படாது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே காரணத்தின் முக்கால்வாசி இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தீர்மானமாக ஒதுக்கிவிடுங்கள். சமையல் வாயுவுக்குத் தனக்கென்று மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். சாக்கடை வாடையிலும் கந்தகம்தான், ஹைட்ரஜன் சல்ஃபைடு. பூட்டிக் கிடந்த வீட்டில் இரண்டையும் மூக்கு குழப்பிக்கொள்ளும். அதனால் சிலிண்டர் பக்கம் போய் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாடை குறைகிறதா என்று பாருங்கள். அதுவரை விளக்குச் சுவிட்சைத் தொட வேண்டாம், தீப்பெட்டியும் வேண்டாம். சந்தேகம் துளி இருந்தாலும் காஸ் ஏஜென்சியைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். அடுப்பங்கரையில் இல்லாமல் கூடத்தில் அதிகம் என்கிறீர்கள், மழைக்குக் கூடுகிறது என்கிறீர்கள். ஆகவே இது சாக்கடைதான் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

உங்கள் வீட்டையும் தெருச் சாக்கடையையும் பிரித்து வைத்திருப்பது இரண்டு அங்குலத் தண்ணீர், அவ்வளவுதான். தரையில் நீங்கள் பார்க்கிற ஜாலிக்குக் கீழே ஒரு கிண்ணம் உண்டு, பிளம்பர்கள் அதை நஹானி ட்ராப் என்பார்கள். கைகழுவும் பேசினுக்குக் கீழே தொங்குவது பாட்டில் ட்ராப். கழிப்பறைக் கோப்பைக்குள்ளேயே ஒரு வளைவு இருக்கிறது. எல்லாவற்றிலும் வேலை ஒன்றே: கடைசியாக ஊற்றிய தண்ணீரில் கொஞ்சத்தை வளைவில் நிறுத்தி வைத்துக்கொண்டு, சாக்கடைக் காற்று மேலே வராமல் அடைப்பது. அந்தத் தண்ணீர் குறைந்தது 50 மில்லிமீட்டர் ஆழம் நிற்க வேண்டும் என்பது கணக்கு. லண்டனில் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775இல் கழிப்பறையில் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு பிளம்பிங்கில் எத்தனையோ வந்துவிட்டது, இன்றும் பெரும்பாலும் இதே வளைவுதான்.

அந்தத் தண்ணீர் வற்றினால் குழாய் திறந்து கிடக்கிற மாதிரிதான். பயன்படுத்தாத ஜாலியில் சில வாரங்களிலேயே வற்றிவிடும். மூன்று மாதம் பூட்டிக் கிடந்த உங்கள் வீட்டில் எல்லா ட்ராப்பும் வற்றியிருக்கும். வந்ததும் நீங்கள் கழுவித் தள்ளினீர்களே, அப்போது குளியலறை ட்ராப்புகள் நிரம்பின, அதனால்தான் இரண்டு நாள் தேவலை. பினாயிலுக்கோ ஆசிட்டுக்கோ அதில் பங்கே இல்லை, அவற்றோடு ஊற்றிய தண்ணீர்தான் வாடையை நிறுத்தியது. மறுபடி வாடை வந்தது என்றால் இரண்டில் ஒன்று நடக்கிறது. நீங்கள் தண்ணீர் ஊற்றாத ஒரு வாய் வீட்டில் எங்கோ இருக்கிறது, அல்லது ஊற்றிய தண்ணீரை ஏதோ ஒன்று உறிஞ்சி எடுக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டுமே நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த வாய் முற்றத்து ஜலதாரை. அக்ரஹாரத்து வீடுகளில் முற்றத்து மழைநீர் ஒரு மூலையில் உள்ள துவாரத்தில் இறங்கிக் கூடத்தின் அடியாகவே தெருவுக்கோ கொல்லைக்கோ போகும். தெருவில் டிரைனேஜ் வந்த பிறகு பல வீடுகளில், அடியில் ஓடுகிற குழாய் ஒன்றுதானே என்று இதையும் அதிலேயே சேர்த்துவிட்டார்கள். வாடை வராமல் இருக்க ஒரு ட்ராப்பும் வைத்தார்கள். அந்த ட்ராப்புக்கு இத்தனை வருஷமும் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தது மழை. வருஷத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் அது வற்றவே வாய்ப்பில்லை. போன வருஷம் நீங்கள் கண்ணாடி ஷீட் போட்டு மூடினீர்கள், அதோடு அதற்குத் தண்ணீர் நின்றுவிட்டது. நீங்கள் ஊரில் இருந்தவரை முற்றத்தில் பாத்திரமோ துணியோ அலசிக் கொஞ்சம் தண்ணீர் போயிருக்கும். மூன்று மாதத்தில் அதுவும் இல்லை. கூடத்தில் வாடை அதிகம் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, முற்றம் கூடத்தை ஒட்டித்தானே இருக்கும் என்பது.

இன்றைக்கே செய்து பாருங்கள். ஜலதாரையில் இரண்டு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மாடி வராந்தா, வாஷிங் மெஷின் இருக்கிற இடம், யாரும் புழங்காத விருந்தினர் குளியலறை, ஏதாவது மூலையில் பாய்க்கடியிலோ பீரோவுக்கடியிலோ மறைந்துபோன பழைய ஜாலி, எதையும் விடாமல் ஒவ்வொன்றிலும் அரை வாளி. பழைய வீடுகளில் பத்தாயத்துக்குப் பின்னால்கூட ஜாலி இருந்து பார்த்திருக்கிறேன். அடுத்த முறை வெளியூர் போகும்போது, தண்ணீர் ஊற்றிய பிறகு ஒவ்வொரு ஜாலியிலும் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் மேலே படலமாக நின்று தண்ணீர் ஆவியாவதைத் தள்ளிப்போடும். தேங்காய் எண்ணெய் உங்கள் ஊர்ச் சூட்டுக்குப் பரவாயில்லை. மலைப்பக்கத்து ஊர்க்காரர்கள் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ விடலாம், குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும்.

வற்றிய ட்ராப் நாற்றத்தோடு நின்றுவிடுகிற விஷயம் அல்ல என்பதை எல்லோருக்குமாக இங்கே சொல்லிவிடுகிறேன். 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் நோய் பரவியது. அரசு விசாரித்ததில், குளியலறைத் தரை ட்ராப்புகள் வற்றிக் கிடந்தது முக்கியமான காரணமாகத் தெரிந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துணியால் துடைத்தே சுத்தம் செய்துவந்த வீடுகள் அவை. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் அது வற்றிய ட்ராப் வழியாகக் கழிவுக் குழாயின் காற்றையும் நீர்த்துளிகளையும் குளியலறைக்குள் இழுத்திருக்கிறது. இன்று நம் ஊரிலும் கண்ணாடித் தடுப்பு வைத்துக் குளியலறையை ஈரப்பக்கம், உலர்பக்கம் என்று பிரிக்கிறார்கள். உலர்பக்கத்து ஜாலியில் சொட்டுத் தண்ணீர் விழுவதில்லை. வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் அதற்கு வார்த்தே ஆக வேண்டும்.

இனி அந்தக் களக் களக் சத்தம். மாடியில் ஃப்ளஷ் செய்ததும் ஒரு குடம் தண்ணீர் குழாயை அடைத்துக்கொண்டு இறங்குகிறது. அதன் பின்னால் காற்று வர வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திக்கித் திக்கி விழும், எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக வரும் அல்லவா? கழிவுக் குழாயின் அந்த இரண்டாவது ஓட்டைதான் வென்ட் பைப். மொட்டை மாடிக்கு மேலே, உச்சியில் தொப்பி போட்டு நிற்குமே, அந்தக் குழாய். அது அடைபட்டால் இறங்குகிற தண்ணீர் தனக்கு வேண்டிய காற்றைக் கீழ்வீட்டு ட்ராப் வழியாக இழுக்கும். அப்போது வருகிற சத்தம்தான் நீங்கள் கேட்பது. ஒவ்வொரு முறையும் அந்த ட்ராப்பில் நிற்கிற தண்ணீரில் கொஞ்சத்தைக் கூடவே கொண்டுபோய்விடும். காலையில் நாலு தடவை ஃப்ளஷ் செய்தால் ட்ராப் காலி.

வென்ட் பைப் எப்படி அடைபட்டது? மொட்டை மாடிக்கு ஷீட் போட்டோம் என்றீர்கள். திருவனந்தபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு இந்த ட்ரஸ் வேலை நடக்கிறது. ஒழுகல் நிற்கிறது, துணி காய வைக்க இடம் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் ஷீட் அடிக்க வருகிறவர் வெல்டர், பிளம்பர் அல்ல. குறுக்கே நிற்கிற பிவிசி குழாய் அவருக்கு இடைஞ்சல். ஷீட்டுக்கு ஒரு சாண் கீழே அறுத்துவிடுவார், அல்லது அறுத்து மூடியும் போட்டுவிடுவார். ஏணி வைத்து ஏறிப் பாருங்கள், முழங்கால் வலி இருந்தால் வேறு யாரையாவது ஏறச் சொல்லுங்கள். மூடி போட்டிருந்தால் சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வாய் திறந்தபடி ஷீட்டுக்கு அடியில் நின்றாலும் கஷ்டம்தான். சாக்கடைக் காற்று ஷீட்டுக்குக் கீழே தங்கி, மாடிப்படி வழியாக வீட்டுக்குள் இறங்கும். அது இல்லாவிட்டாலும் குருவிக்கூடோ குளவிக்கூடோ அடைத்திருக்கலாம். கொசு வரக்கூடாது என்று நைலான் வலையைக் கட்டி, அதில் தூசியும் சிலந்தி நூலும் சேர்ந்து அட்டை மாதிரி ஆகியிருப்பதும் உண்டு.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஷீட்டில் குழாய் அளவுக்கு வட்டமாக வெட்டி, வென்ட் பைப்பை ஷீட்டுக்கு மேல் குறைந்தது இரண்டடி உயர்த்தி, உச்சியில் தொப்பி போட்டு, வெட்டிய இடத்தைச் சுற்றி ஒழுகாதபடி சிலிக்கான் பூச வேண்டும். உங்கள் வீடு ஒட்டு வீடு. அடுத்த வீட்டு மாடி ஜன்னல் பக்கத்தில் இருந்தால் குழாயை அதைத் தாண்டி உயரமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உங்கள் வாடை அவர்கள் தலையில் விழக்கூடாது.

மழைக்கு ஏன் கூடுகிறது? 1933இல் அருவிக்கரையிலிருந்து வில்லிங்டன் குடிநீர்த் திட்டம் உங்கள் நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தது. வீட்டுக்குள் தண்ணீர் பாய்ந்தால் கழிவு வெளியே போகவும் வழி வேண்டும், அடுத்த சில வருஷங்களில் பாதாளச் சாக்கடை வேலை ஆரம்பமானது. பல காலம் கழிவெல்லாம் வலியதுறைப் பக்கத்துப் புல்பண்ணைக்குப் போனது. இப்போது முட்டத்தறையில் நாளொன்றுக்குப் 10.7 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற நிலையம் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் புதுசு, ஆனால் பழைய பகுதிகளின் தெருவடிக் குழாய்கள் அந்தக் காலத்து மக்கள்தொகைக்குப் போட்டவை. அவை கழிவுநீருக்காக மட்டும் கணக்கிட்டவை, மழைநீருக்கு அல்ல. தெருவில் நாற்பது முற்றங்களும் நாற்பது மொட்டை மாடிகளும் மழைத்தண்ணீரை அதில் இறக்கினால் குழாய் நிரம்பிவிடும். உள்ளே இருந்த காற்று போக இடமில்லாமல் வீட்டு இணைப்புகள் வழியாக மேலே தள்ளும். வற்றிய ட்ராப் இருந்தால் அதன் வழியாகத் தாராளமாக வரும். தண்ணீர் நிற்கிற ட்ராப்பையும் சில சமயம் குமிழி விட்டுக்கொண்டு தாண்டும். உங்கள் தெரு கிள்ளியாற்றை ஒட்டிய பகுதி, பெருமழையில் மழைநீரும் வேகமாக வடிவதில்லை.

ஆகவே முற்றத்து ஜலதாரையைத் தெரு டிரைனேஜிலிருந்து துண்டித்துவிடுங்கள் என்பது என் கருத்து. மேலே ஷீட் போட்டாகிவிட்டது, அந்தத் துவாரத்துக்கு இனி வேலை இல்லை. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, வாடை நின்றது என்று உறுதியானதும், வாயில் பிவிசி மூடியைச் சொல்யூஷன் போட்டு ஒட்டி மேலே சிமென்ட் பூசிவிடலாம். முற்றம் அலச வேண்டும் என்றால் மட்டும் புது நஹானி ட்ராப் வைத்து விட்டுவையுங்கள். ஷீட்டில் விழுகிற மழைநீரைக் கிணற்றுக்கோ மழைநீர்க் குழிக்கோ விடுங்கள், எந்தக் காரணத்துக்காகவும் டிரைனேஜில் சேர்க்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் இதைப் பேசிப் பாருங்கள். தெருவுக்கு உங்கள் ஒரு வீடு விலகினால் போதாது.

இவ்வளவும் செய்த பிறகு வாடை நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மெல்லிய பிளாஸ்டிக் கவர்களைப் பிரித்து, ஒவ்வொரு ஜாலி மேலும் தளர்வாக விரித்து, சுற்றிலும் அகல செலோடேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். தரை ஈரமாக இருந்தால் டேப் ஒட்டாது, துடைத்துக் காய விடுங்கள். பேசினில் மேல்பக்கம் வழிவதற்கென்று இருக்கிற சின்ன ஓட்டையையும் மறக்காமல் அடையுங்கள். பிறகு மாடியில் ஒருவர் இரண்டு மூன்று முறை ஃப்ளஷ் செய்யட்டும், கீழே நீங்கள் கவர்களைப் பாருங்கள். எங்கே கவர் பூரி மாதிரி உப்புகிறதோ, அல்லது உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்கிறதோ, அங்கே ட்ராப் இல்லை அல்லது தண்ணீர் இல்லை. ஜாலியை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கையெட்டும் ஆழத்தில் தண்ணீர் பளபளக்க வேண்டும். வெறும் குழாய் இருட்டாகத் தெரிந்தால் ட்ராப்பே வைக்காமல் ஜாலியை மட்டும் பதித்திருக்கிறார்கள். இப்படி வேலை முடித்துப் போன வீடுகள் நான் பார்த்ததில் நிறைய. அதற்கும் முழுத் தரையை உடைக்க வேண்டாம், ஜாலியைச் சுற்றி ஓரடிக்குள் வேலை முடியும்.

கவர் எதுவும் அசையாமல் வாடை மட்டும் இருந்தால் மூன்று இடம் பாக்கி. ஒன்று, வெஸ்டர்ன் கழிப்பறைக் கோப்பை பின்னால் குழாயோடு சேருகிற இடம். கோப்பை ஆடினால் அந்த இணைப்பு விட்டிருக்கும். ஒயிட் சிமென்ட்டை மேலே அப்பினால் ஆறு மாதம் கூடத் தாங்காது, கோப்பையைக் கழற்றி ரப்பர் கனெக்டர் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது, வாஷிங் மெஷின் குழாயும் பேசின் குழாயும் தரைக்குழாய்க்குள் சும்மா செருகி விட்டிருப்பது. சுற்றியுள்ள இடைவெளிக்கு ரப்பர் வளையம் கிடைக்கும். மூன்றாவது, வாசலில் தெருவோடு சேருவதற்கு முன் இருக்கிற கடைசி சேம்பர். பழைய இணைப்புகளில் அதற்குள் ஒரு பெரிய ட்ராப் வைத்து, அதன் மேல்பக்கம் கம்பி விட்டு அடைப்பு எடுப்பதற்காக ஒரு துவாரமும், துவாரத்துக்கு ஒரு அடைப்பானும் வைத்திருப்பார்கள். என்றோ அடைப்பு எடுத்தவர் அடைப்பானைத் திரும்பப் போடாமல் போயிருப்பார். அதற்கப்புறம் தெருச் சாக்கடையின் காற்று ட்ராப்பைச் சுற்றிக்கொண்டு நேராக உங்கள் வீட்டுக் குழாய்க்கு வரும். சேம்பர் மூடியைத் திறந்தால் மேலே நின்றபடியே இது கண்ணுக்குத் தெரியும். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது, மீத்தேன் இருக்கும்.

தெரு மேன்ஹோல் பொங்கினாலோ உங்கள் சேம்பரில் தண்ணீர் இறங்காமல் நின்றாலோ அது உங்கள் பிளம்பர் வேலை அல்ல. கேரள வாட்டர் அத்தாரிட்டியின் 1916 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த ஆசிட். தயவு செய்து இனி ஊற்றாதீர்கள். சாக்கடைப் படிவில் சல்ஃபைடு இருக்கும், அதன் மேல் ஆசிட் விழுந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் கிளம்பும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் விழுந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. உங்கள் பழைய தரையையும் தரையடிக் குழாயின் சிமென்ட் இணைப்புகளையும் அது அரித்துவிடும். பிளம்பர் சொன்ன மாதிரி குழாய் நிஜமாகவே விண்டுபோக ஆசிட்டே காரணமாகிவிடும்.

கேள்வி: நாகர்கோவிலில் புது வீடு. போர்வெல் தண்ணீர். காலையில் கீசரைப் போட்டுக் குளிக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். பிளம்பர் ட்ராப்பையெல்லாம் மாற்றிவிட்டார், போகவில்லை.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒரு தம்ளரில் சுடுதண்ணீரும் இன்னொரு தம்ளரில் பச்சைத் தண்ணீரும் பிடித்து, குளியலறையை விட்டு வாசலுக்குப் போய் மோந்து பாருங்கள். சுடுதண்ணீரில் மட்டும் நாற்றம் என்றால் குற்றவாளி கீசர். அதன் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி வைத்திருப்பார்கள். சல்ஃபேட் உள்ள நிலத்தடி நீரில் சில வகை பாக்டீரியா அந்தக் கம்பியின் துணையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். கீசரை முழுக்க வடித்துக் கழுவி, அலுமினியம்-துத்தநாகக் கம்பி மாற்ற முடியுமா என்று சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். கம்பியே வேண்டாம் என்று எடுத்துவிடாதீர்கள், தொட்டி சீக்கிரம் ஓட்டையாகும். இரண்டு தம்ளரிலும் நாற்றம் என்றால் போர்வெல்லைப் பார்க்க வேண்டும், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். செப்டிக் டேங்க் அருகில் இருந்தால் கிருமிப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு தம்ளரிலும் நாற்றம் இல்லாமல் குளியலறைக்குள் மட்டும் என்றால், மேலே வலியசாலை வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பி நாற்றம் தாங்கவில்லை. சந்து குறுகல், லாரி வராது. தெரிந்த ஆள் ஒருவர், கூலி கொடுத்தால் உள்ளே இறங்கி அள்ளிவிடுகிறேன் என்கிறார். அனுபவசாலிதான். இறக்கலாமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இறக்காதீர்கள். அவரே பிரியப்பட்டுக் கேட்டாலும் வேண்டாம்.

ஹைட்ரஜன் சல்ஃபைடை நம் மூக்கு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குப் போனால் மோப்பமே செத்துப்போகும். உள்ளே குனிகிறவர், நாற்றம் குறைந்துவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பார். இன்னும் சில நூறு பங்கு கூடினால் மயக்கம், சில மூச்சிலேயே மரணம். மூடிய தொட்டியில் மேலே ஏடு கட்டியிருக்கும். மண்வெட்டியால் அதைக் கலைத்த உடனே அடியில் சிறைபட்ட வாயு ஒரே நேரத்தில் மேலே வரும். அனுபவம் இங்கே எதற்கும் உதவாது. இறந்தவர்களில் பலர் அனுபவசாலிகள்தான். அவர்களைத் தூக்கப் போய்க் கூட இறந்தவர்கள் எத்தனையோ பேர். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் மேன்ஹோலில் இறங்கிய இரண்டு தொழிலாளிகள் மயங்கிக் கிடந்தார்கள். அந்த வழியாக வந்த ஆட்டோ ஓட்டுநர் ஓடிப்போய் இறங்கினார். மூன்று பேருமே பிழைக்கவில்லை.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம். நகராட்சிக்கு மட்டுமல்ல, வேலைக்கு வைக்கிற எவருக்கும் பொருந்தும். முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டத்துக்குப் பயந்து இறக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. உங்கள் வீட்டு வாசலில் ஒரு மனிதர் உயிர் போகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மனிதர் இறங்கத் தேவையில்லாத காலம் வந்துவிட்டது. 2018இலேயே திருவனந்தபுரத்தில் ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற இளம் பொறியாளர்களின் நிறுவனம் செய்த பாண்டிகூட் என்ற எந்திரம் மேன்ஹோலுக்குள் இறங்கி அள்ள ஆரம்பித்துவிட்டது.

உங்கள் சந்துக்கு எந்திரம் கூட வேண்டாம். தமிழ்நாட்டில் 14420 எண்ணைக் கூப்பிட்டு, உரிமம் உள்ள கழிவுநீர் வண்டி கேளுங்கள். பதிவு செய்யும்போதே, சந்து இத்தனை அடி நீளம், வண்டி நிற்கிற இடம் இது என்று அளந்து சொல்லிவிடுங்கள். கூடுதல் ஹோஸ் இணைத்து நீட்டுவார்கள். அதற்கும் எட்டாவிட்டால் சின்ன வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். அடியில் கட்டியாக உறைந்த கசடு குழாயில் ஏறாவிட்டால், வெளியே நின்றபடியே நீளக் கழியால் கலக்கி, தண்ணீர் பீய்ச்சி இளக்கச் சொல்லுங்கள். மூடியைத் திறந்ததிலிருந்து திரும்ப மூடும்வரை குழந்தைகள் யாரும் பக்கத்தில் வராமல் ஒருவர் நிற்கட்டும். டேங்கின் வென்ட் பைப் ஜன்னல் உயரத்துக்கு மேல் இருக்கிறதா, உச்சியில் வலை கிழியாமல் இருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். கொசு அந்த வழியாகத்தான் பெருகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் கசடு கட்டியாக உறைவதற்கு நேரமே இருக்காது. எடுத்த தேதியை டேங்க் மூடிக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்துவிடுங்கள்.